துக்க வீட்டுக்குச் சமாதானம் வரும் வழி

கிறிஸ்தவ வீடுகளின் சுவரில் மாட்டப்படும் வசனங்களுள் முதல் வரிசையில் வருவது, மனித அறிவுக்கு எட்டாத தேவசமாதானத்தைப் பற்றிப் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதியது. சட்டம் போட்டு மாட்டும்போது அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை வெளியே நின்றுவிடுகின்றன. பவுல் அதை எழுதியபோது சிறையில் இருந்தார். வழக்கு எப்படி முடியும், உயிர் மிஞ்சுமா என்பது அவருக்கே தெரியாது. கடிதம் போய்ச் சேர வேண்டிய பிலிப்பியோ, முன்பு அவரைத் தடியால் அடித்துக் கால்களைத் தொழுமரத்தில் மாட்டிய ஊர். கடிதத்தோடு புறப்படும் எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்தவர். அவரை இழந்திருந்தால் தன் துயரம் இன்னும் பெருகியிருக்கும் என்பதைப் பவுல் மறைக்கவில்லை. அந்த வசனத்துக்குச் சற்று முன்னால், எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களுக்குள் மூண்ட பிணக்கைத் தீர்த்துவைக்கச் சொல்லி ஒரு வேண்டுகோள். சற்றுப் பின்னால், சபை அனுப்பிய உதவிக்கு நன்றி. நோய், சண்டை, பற்றாக்குறை, மரண பயம் எல்லாம் சூழ்ந்திருக்க, நடுவில் இருக்கிறது அந்தச் சமாதானம்.

நெருக்கடிக் காலத்தில் கடவுளின் சமாதானத்தைக் கண்டடைவது எப்படி என்ற கேள்விக்குத் திருச்சபை இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பதில் சொல்லிவருகிறது. பிரசங்கமாக, பாட்டாக, மடத்து ஒழுங்காக, மருத்துவமனையாக அந்தப் பதில்கள் வந்திருக்கின்றன. காலத்தைத் தாண்டி நின்றவற்றை எடுத்துப் பார்க்கும்போது எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: அந்தச் சமாதானத்தைப் பெற்றவர்கள் முதலில் கடவுளிடம் வாய்விட்டு அழுதவர்கள். அவர்களில் அநேகமாக யாரும் அதைத் தனியாக இருந்து பெறவில்லை. நம் சபைகளில் இன்று அழுவதற்கும் இடம் குறைந்துவருகிறது, கூட இருப்பதற்கும் ஆள் குறைந்துவருகிறது. அதனால்தான் பழைய கதைகளை முழுதாகத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வேதாகமத்திலிருந்தே தொடங்கலாம். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் புலம்பல்கள். எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர் என்று கடவுளிடமே வழக்காடுகிறவை. அவற்றுள் பெரும்பாலானவை கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதமோ திரும்புவதே இல்லை. நண்பர்களும் விலகிப் போய், இருட்டு மட்டும் மிஞ்ச, அங்கேயே நின்றுவிடுகிறது. இதற்கு ஒரு நல்ல முடிவைச் சேர்த்துவிடலாம் என்று தொகுத்தவர்களுக்குத் தோன்றவில்லை. அந்த இருட்டையும் ஜெபம் என்றே எண்ணிச் சேர்த்துவைத்தார்கள். அவர்கள் காட்டிய நேர்மைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

யோபின் கதையும் அப்படித்தான். கொடுத்தவரே எடுத்துக்கொண்டார் என்று அவர் அமைதியாகச் சொன்ன முதல் அதிகாரத்தை அடக்க ஆராதனைகளில் தவறாமல் கேட்கிறோம். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிப்பதை எந்த அடக்க ஆராதனையிலும் நான் கேட்டதில்லை. அவருடைய நண்பர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து பேசாமல் இருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து கடவுளுக்காக வாதாடத் தொடங்கிய பிறகுதான் தவறு செய்தார்கள். கடைசியில் கடவுள் கண்டித்தது, தம்மிடம் சண்டை போட்ட யோபை விட, தமக்காகப் பரிந்து பேசிய அவர்களைத்தான் கடுமையாக.

இயேசு சீடர்களுக்குச் சமாதானத்தை விட்டுப்போவதாகச் சொன்னது சிலுவைக்கு முந்திய இரவில். அன்றிரவே கெத்செமனே தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து, இந்தப் பாத்திரம் தன்னைவிட்டு நீங்காதா என்று மன்றாடினார். மூன்று பேரைக் கூட வந்து விழித்திருக்கச் சொன்னார், அவர்கள் தூங்கிவிட்டார்கள். சமாதானத்தைக் கொடுத்தவரும் வியாகுலப்பட்டவரும் ஒருவரே, அதுவும் ஒரே இரவில். கலங்கினாலே விசுவாசம் போய்விட்டது என்று பயப்படுகிற எவரும் இந்த இரவை மறுபடி வாசிக்க வேண்டும்.

ஆதித் திருச்சபைக்கு வருவோம். மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் ரோமப் பேரரசைக் கொள்ளைநோய் சூறையாடியபோது கார்த்தேஜ் நகரின் ஆயராக இருந்த சிப்ரியான், சாவை எதிர்கொள்வது பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதோடு நிற்காமல் சபையாரைப் பிரித்து நோயாளிகளைக் கவனிக்க அனுப்பினார். தங்களைத் துன்புறுத்தியவர்களின் வீட்டு நோயாளிகளையும் கவனிக்கச் சொன்னார். 258இல் அவருடைய தலையே வெட்டப்பட்டது.

ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீனின் முடிவு இன்னும் உருக்கமானது. 410இல் ரோம் நகரம் கொள்ளையடிக்கப்பட்டதும், கிறிஸ்தவம் வந்ததால்தான் இந்தக் கதி என்ற பேச்சு எழுந்தது. அதற்குப் பதிலாக அவர் தொடங்கிய ‘கடவுளின் நகரம்’ 426இல்தான் முடிந்தது. அதன் 19ஆம் பகுதியில், இந்த உலகத்தில் கிடைக்கும் எந்தச் சமாதானமும் அரைகுறையானது, என்றாலும் அதைப் பேணாமல் விட்டுவிடக் கூடாது என்று வாதிடுகிறார். நான்கு ஆண்டுகள் கழித்து வாண்டல்கள் அவருடைய ஹிப்போ நகரையே முற்றுகையிட்டார்கள். படுக்கையில் கிடந்த அந்த 75 வயதுக் கிழவர், மனஸ்தாபச் சங்கீதங்களை எழுதித் தன் கண்ணில் படும்படி சுவரில் மாட்டச் சொல்லி, அவற்றை வாசித்து வாசித்து அழுதார் என்று கூடவே இருந்த பொசிதியுஸ் எழுதிவைத்திருக்கிறார். முற்றுகை நீங்குமுன்பே, 430 ஆகஸ்ட் 28 அன்று இறந்தார். சமாதானத்தைப் பற்றிக் கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய நூல்களுள் ஒன்றை எழுதியவரின் சுவரிலும் தொங்கியவை கண்ணீரின் சங்கீதங்களே.

இடைக்காலத்தை விட்டு, நம் சபைகளில் அடிக்கடி கேட்கும் இரண்டு பாட்டுக் கதைகளுக்குப் போகலாம். முதலாவது மார்ட்டின் ரிங்கார்ட். ஜெர்மனியின் ஐலன்பர்க் நகரில் முப்பதாண்டுப் போர் முழுவதும் குருவாக இருந்தவர். 1637இல் கொள்ளைநோய் வந்தபோது ஊரில் மற்றக் குருமார் இல்லாமற்போக, ஒரே ஆளாக ஆயிரக்கணக்கானவர்களை அடக்கம் செய்தார். அவர்களில் ஒருவர் அவருடைய மனைவி. உலகெங்கும் நன்றி ஆராதனைகளில் இன்றும் பாடப்படும் ஜெர்மானியப் பாட்டு அவருடையது. அது சாப்பாட்டு மேசையில் வீட்டார் சொல்வதற்கென எழுதிய சிறு ஜெபம். பஞ்சம் வந்த ஊரில், இருக்கிற ரொட்டிக்கு நன்றி சொல்லப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த பாட்டு என்று நினைத்துப் பார்த்தால் அதன் கனம் புரியும்.

இரண்டாவது, சிகாகோ வழக்கறிஞர் ஹொரேஷியோ ஸ்பாஃபர்ட். 1873இல் ‘வில் து ஆவ்ர்’ கப்பல் அட்லாண்டிக் கடலில் மூழ்கியதில் நான்கு மகள்களையும் இழந்து, என் ஆத்துமாவுக்கு எல்லாம் நலமே என்ற பொருளில் பாட்டு எழுதியவர். நம் பிரசங்கங்களில் கதை அங்கேயே முடிந்துவிடும். நடந்தது அங்கே முடியவில்லை. பிறகு பிறந்த ஒரு மகனையும் 1880இல் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார்கள். இத்தனை இழப்பும் கடவுளின் தண்டனையோ என்று சபையிலேயே பேச்சு எழுந்தது. 1881இல் ஸ்பாஃபர்ட் தம்பதி சிகாகோவைவிட்டு எருசலேமுக்குப் போனார்கள். அங்கே அவர்களோடு சேர்ந்து வாழ்ந்த சிறு கூட்டம், முதல் உலகப் போரின்போது பட்டினி கிடந்த நகரவாசிகளுக்குக் கஞ்சித்தொட்டி நடத்தியது. பாட்டு ஒரு பொழுதில் பிறந்திருக்கலாம். அந்தச் சமாதானத்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளும், பசித்த ஒரு நகரமும் தேவைப்பட்டன. சபையார் வாயிலிருந்து வந்த காயத்தையும் அது தாங்க வேண்டியிருந்தது. இந்தப் பிற்பகுதியைச் சொல்லாமல் முற்பகுதியை மட்டும் சொல்வது, அண்மையில் பிள்ளையைப் புதைத்த தாய்க்குப் பெரிய பாரம்.

நம் மண்ணிலேயே இதற்குச் சிறந்த சாட்சி இருக்கிறது. அயர்லாந்தில் 1867இல் பிறந்து 1895இல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல், 1901 முதல் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் தங்கி, கோயில்களுக்கு விடப்படவிருந்த பெண் குழந்தைகளையும் கைவிடப்பட்ட பிள்ளைகளையும் வளர்த்தார். பிள்ளைகளுக்கு அவர் அம்மா. ஓடியாடி வேலை செய்த மனுஷி. 1931 அக்டோபரில், பக்கத்துக் களக்காட்டில் வேலைக்காக எடுத்திருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது, மங்கிய வெளிச்சத்தில் அங்கே தோண்டிக் கிடந்த குழியில் விழுந்தார். காலெலும்பு முறிந்தது. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், அவருடைய உலகம் பெரும்பாலும் அந்த ஒரே அறைதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர் எழுதிய ஒரு புத்தகம். 1933இல் வந்த ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’, நோயாளிகளுக்கு ஒரு நோயாளி எழுதிய கடிதங்களின் தொகுப்பு. நோயாளிகளுக்கென்று நலமுள்ளவர்கள் எழுதும் உற்சாகமான துண்டுப்பிரதிகள் தனக்கு உதவவில்லை என்பதை அதில் வெளிப்படையாகச் சொல்கிறார். வலி விடாத இரவில், வலி இல்லாதவர் எழுதிய புத்திமதி காதில் ஏறாது. வலிக்குள்ளிருந்து எழுதியதே ஏறும் என்பது அவர் அனுபவம். சுகம் கேட்டு ஜெபித்தார்கள், டோனாவூர் முழுக்க ஜெபித்தது, சுகம் வரவில்லை. அதை அவர் மூடிமறைக்கவும் இல்லை, கடவுள்மேல் குறை சொல்லவும் இல்லை. ஏற்றுக்கொள்வதில்தான் சமாதானம் என்ற கருத்தில் ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். அந்தக் கவிதை மறதியையும் ஓயாத வேலையையும் ஒதுங்கிப் போவதையும் முயன்று பார்த்து, அங்கெல்லாம் சமாதானம் இல்லை என்று கண்ட பிறகே அந்த இடத்துக்கு வருகிறது. படுக்கையில் இருந்தபடியே பத்துக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். பிள்ளைகளும் ஊழியர்களும் ஒவ்வொருவராக வந்து அந்தக் கட்டிலருகே உட்கார்ந்து பேசிப் போனார்கள். தன் கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டியை மட்டும் அங்கே வைத்தார்கள்.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் கடைசியில் ஏதோ ஒரு அமைதி வந்துவிடுகிறது. வராதவர்கள்? கிறிஸ்தவ எழுத்தில் இந்தக் கேள்விக்கு நேராக நின்றவர்கள் குறைவு. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர், கடவுளின் வழிகள் மர்மமானவை என்று தொடங்கும் புகழ்பெற்ற பாட்டை எழுதியவர். 1773இல் கடும் மனச்சோர்வில் விழுந்து, கடவுள் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணத்திலிருந்து 1800இல் சாகும்வரை முழுதாக மீளவே இல்லை. அவருடைய நண்பரும் போதகருமான ஜான் நியூட்டன் அவரைத் தன் வீட்டிலேயே ஓராண்டுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். உனக்கு விசுவாசம் போதவில்லை என்று விரட்டவில்லை.

அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளியானபோது உலகம் திகைத்தது. கல்கத்தாச் சேரிகளில் வேலை தொடங்கிய காலத்திலிருந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், ஜெபத்தில் கடவுளின் அருகாமையையே உணராமல் அவர் இருந்திருக்கிறார். தன் ஆன்மீக வழிகாட்டிகளுக்கு மட்டும் அதைச் சொல்லி அழுதிருக்கிறார். காலையில் எழுந்து சாகக் கிடப்பவர்களைக் கழுவியிருக்கிறார். நாஜி ஜெர்மனியின் டெகல் சிறையில் இருந்த போதகர் டீட்ரிச் போன்ஹோபரும் 1944இல் இதே பிளவை ஒரு கவிதையாக்கினார்: காவலர்கள் கண்ட நிதானமான மனிதன் தானா, உள்ளே தவிக்கிற மனிதன் தானா என்று கேட்டு, எதுவானாலும் தான் கடவுளுக்குரியவன் என்பதில் முடிக்கிறார். சமாதானத்தை ஓர் உணர்ச்சியாக மட்டும் எண்ணினால் இம்மூவருக்கும் அது இல்லை. தன்னைவிடப் பெரிய ஒருவர் கையில் தான் இருப்பதாக நம்பி நடந்துகொள்வது என்று எண்ணினால், கடைசி இருவரிடம் அது நிறைய இருந்தது. கூப்பருக்கு அந்த நம்பிக்கையும் போய்விட்டது. அவருக்காக நியூட்டன் அதைச் சுமந்தார் என்றே நான் சொல்வேன்.

தமிழ்ச் சபைகள் இந்த இடத்தில்தான் அதிகம் தவறுகின்றன. ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தைக் கவனியுங்கள். வேலை கிடைத்தவர், குழந்தைப் பேறு பெற்றவர், கட்டி கரைந்தவர் எழுந்து வருகிறார்கள். அவர்களோடு மகிழ வேண்டியதுதான். ஆனால் பத்து வருஷமாக ஜெபித்தும் கிடைக்காதவர் எழுந்து, நான் இன்னும் காத்திருக்கிறேன், களைத்துப் போனேன் என்று சொல்ல அங்கே வழியில்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், உபவாசக் கூட்டத்தில் ஜெபித்துவிட்டார்களே, இனி மாத்திரை எதற்கு என்ற கேள்விக்குப் பயந்து அதை நிறுத்திவிடுகிறார். இதை மெத்தனமாக விடக் கூடாது. இதில் உயிர்கள் போகின்றன. இத்தனைக்கும் நம் நாட்டில் மனநல மருத்துவத்தை அன்போடு செய்துகாட்டிய இடங்களில் ஒன்று கிறிஸ்தவ நிறுவனம்தான். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில், சிகிச்சைக்குச் சேரும் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவது வழக்கம். நோயாளியைக் கொண்டுபோய் அடைத்துவிட்டு வீடு திரும்புவதற்கு இடமில்லை. ஜெபமும் மருந்தும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2006இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், இதய பைபாஸ் அறுவைசிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரிடம், முன்பின் தெரியாதவர்கள் ஏறெடுக்கும் ஜெபம் சிக்கல்களைக் குறைக்கிறதா என்று பார்த்தார்கள். குறைக்கவில்லை. தங்களுக்காக ஜெபிக்கிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களுக்குச் சிக்கல் சற்று அதிகமாகவே இருந்தது. விசுவாசி இதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை; கடவுளைச் சோதனைக்கூடத்தில் நிறுத்த முடியும் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு ஆய்வு. கென்னத் பார்கமென்ட் குழுவினர் நோயுற்ற முதியவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2001இல் வெளியிட்டது. கடவுள் என்னைக் கைவிட்டார், தண்டிக்கிறார் என்ற எண்ணத்தோடு போராடியவர்களிடம் இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. உன் பாவத்துக்குத்தான் இந்த நோய் என்று நோயாளியின் காதில் ஓதுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சமாதானத்தின் இன்னொரு முகத்தைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். மக்களின் காயம் ஆறாமல் இருக்க, எல்லாம் நலம் என்று மேலாகக் கட்டுப் போட்ட ஆசாரியர்களை எரேமியா கடுமையாகச் சாடினார். அதே எரேமியா, பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போகப்பட்டவர்களுக்கு, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊரின் நலனுக்காக வேண்டுங்கள் என்று கடிதமும் எழுதினார். 1934 ஆகஸ்டில் டென்மார்க்கின் ஃபானோ தீவில் நடந்த திருச்சபை மாநாட்டில் பேசிய போன்ஹோபர், பாதுகாப்பைத் தேடும் பாதையில் சமாதானம் கிடையாது, அது துணிந்து இறங்க வேண்டிய ஒன்று என்றார். அவர் 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார்.

ஈழத்துத் திருச்சபை இதை வேறு யாரையும்விட அதிக விலை கொடுத்துக் கற்றது. 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மீது குண்டு விழுந்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1999 நவம்பரில் மடு மாதாவின் வளாகத்தில் அடைக்கலம் தேடியவர்களில் சுமார் நாற்பது பேர் ஷெல்லடியில் இறந்தார்கள். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், போருக்குப் பின் 2011 ஜனவரியில் அரசின் விசாரணை ஆணைக்குழு முன் அமர்ந்து, 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று என்று அரசின் கணக்குகளையே வைத்துக் கேட்டார். காணாமற்போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு மனசமாதானம் பற்றிப் பிரசங்கிப்பதற்கு முன், அந்தக் கேள்வியை அவளோடு சேர்ந்து கேட்டவர் அவர்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கூடவே ஓட்டல்கள் என்று பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. 260க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளி முடித்து வெளியே நின்றிருந்த பிள்ளைகள் பலர். மறு ஆண்டு ஈஸ்டர் திருப்பலியில் கர்தினால் மல்கம் ரஞ்சித், தாக்கியவர்களை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். அதே கர்தினால் 2021 மார்ச்சில் கறுப்பு ஞாயிறு அனுசரிக்கச் சொன்னார். முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் ஏன் தடுக்கவில்லை என்று தொடர்ந்து கேட்டார். 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. மன்னித்தவர் எதற்கு நீதி கேட்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். கொன்றவன்மேல் உள்ள வெறுப்பை இறக்கிவைப்பது மன்னிப்பு. செத்த பிள்ளைக்கு உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டிருப்பது நீதி. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதை அந்த மக்கள் வாழ்ந்து காட்டுகிறார்கள்.

கடைசியாக, அன்றாடம் என்ன செய்வது? பம்ப்லோனாப் போரில் 1521இல் கால் உடைந்து மாதக்கணக்கில் படுத்திருந்த, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், தன் மனம் ஏறி இறங்குவதைக் கவனித்து எழுதிவைத்தவற்றுள் ஒன்று இன்றைக்கும் உதவும்: மனம் இருண்டு கிடக்கும் நாட்களில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவுகளை மாற்றாதே. இன்னொன்று, அந்த இருட்டை ஒளித்துவைக்காமல் நம்பகமான ஒருவரிடம் சொல்லிவிடு. ஊழியத்தை விடலாமா, உறவை முறிக்கலாமா, உயிரை விடலாமா என்ற எண்ணம் இரவு இரண்டு மணிக்கு வருகிறவர்கள் இந்த இரண்டையும் பற்றிக்கொள்ளுங்கள். போதகரைக் கூப்பிடுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

சபைகளை நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. வருகிற ஒரு ஞாயிறு 88ஆம் சங்கீதத்தை முழுதாக, சமாதானம் சொல்லும் இன்னொரு வசனத்தை உடனே ஒட்டாமல், சபையில் வாசியுங்கள். சாட்சி நேரத்தில், இன்னும் பதில் கிடைக்காதவர்களையும் எழுந்து பேச அழையுங்கள். துக்க வீட்டுக்கு அடக்கத்தன்று கூட்டமாகப் போவதோடு நிற்காமல், நாற்பதாம் நாளுக்குப் பிறகு, உறவுகளும் கிளம்பிப் போன வீட்டுக்கு, யார் எந்தக் கிழமை போவது என்று பெயர் எழுதிப் பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள். போகிறவர்கள் பிரசங்கம் செய்ய வேண்டாம். ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த வாரமும் வருகிறேன் என்று சொல்லி, சொன்னபடி போகட்டும்.